பாடும் மீனும் பஸ் நேரப் பலகையும்

போன கிழமை எங்கள் அச்சகத்தின் பின்பக்கம் நின்று ஒரு பிள்ளை கடதாசி மட்டையில் பசை ஸ்பிரே அடித்தாள். அந்த மணம் இருக்கிறதே, தலைக்குள் போய்க் குந்திவிடும். நான் கலியாணக் கார்ட் ஒன்றுக்கு எழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே கணினியை விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்தேன். மாதிரிப் புத்தகம் ஒன்று ஒட்டுகிறாள். படம் எடுத்து வெளிநாட்டு மதிப்பீட்டுக்கு அனுப்பப்போகிறாளாம்.

"அக்கா, நீங்களும் அனுப்பினநீங்களாம். மெய்யா?"

"ஓம்."

"சித்தியா, பெயிலா?"

"ஓம், சித்திதான்," என்றேன். எத்தனையாம் தரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

உங்களுக்குச் சொல்வதில் பிழையில்லை. முதல் தரம் நான் கோட்டைவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், அந்த முறை என்னோடு படித்த றிஸ்மியா விசேட சித்தி. இப்போது சொல்லும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ கரிகிறது பாருங்கள்.

நாங்கள் எழுத்தமைப்புப் படித்த இடம் மட்டக்களப்பு டவுனில், ஒரு கொத்து ரொட்டிக் கடைக்கு மேல்மாடி. பின்னேரமானால் கீழே இரும்புத் தகடு அடிக்கிற சத்தத்தில் மிஸ் சொல்வது பாதி கேட்காது. கொத்து மணமும் பசை மணமும் ஒன்றாக ஏறி வரும். இன்றைக்கும் எனக்கு எழுத்தமைப்பு என்றால் பசிதான் முதலில் வரும். நான் பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிகுடியில் பஸ் மாறி வருவேன். றிஸ்மியா ஏறாவூரிலிருந்து வருவாள். வந்ததும் வராததுமாக என் மேசைக்குத்தான் வருவாள். நான் முதல்நாள் முழுக்க மினக்கெட்டுச் செய்த பக்கத்தைக் கையில் எடுப்பாள். தலையை ஒரு பக்கம் சரிப்பாள்.

"வடிவுதான் புள்ள. ஆனா இந்த ரெண்டு எழுத்துக்கும் நடுவால மாடு போகும்."

சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நான் திரும்பப் பார்ப்பேன். மாடு போகும்தான். அதுவரை எனக்குத் தெரியாத இடைவெளி, அவள் சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவள் இதற்கென்று பாடுபட்டுப் படித்தவளும் இல்லை. அவளுடைய கண் அப்படி. நான் ரூலர் வைத்து அளந்து கண்டுபிடிப்பதை அவள் சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிப் போடுவாள். எங்கள் பக்கத்தில் பொறாமையை எரிச்சல் என்றுதான் சொல்வோம். சரியான சொல். எனக்கு எரிந்தது.

அந்த மதிப்பீடு என்னவென்று சொல்ல வேண்டும். புதிதாக எழுத்து வரைகிற வேலை இல்லை அது. இருக்கிற எழுத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இடம்விட்டு நிறுத்துகிறோம் என்பதுதான் வேலை. வெளிநாட்டில் ஒரு சங்கம் வருஷாவருஷம் தலைப்புக் கொடுக்கும். பல நாட்டுப் பிள்ளைகளும் செய்து அனுப்புவார்கள். செய்த புத்தகம் மட்டும் போதாது. எப்படித் தேடினாய், ஏன் இப்படி வைத்தாய், எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். தமிழ் தெரியாத இரண்டு பேர் நம்முடைய இங்கிலிஷ் விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். சித்தியடைந்தால் பெயருக்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் எழுத்துக்களைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த எழுத்துக்கள் ஒன்றும் வேண்டாம். றிஸ்மியாவின் பெயருக்கு ஒரு படி மேலே என் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷத் தலைப்பு, 'ஓர் இடத்தின் குரல்'. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்கு என்ன செய்வீர்கள்? நிலவு இரவில் வாவியில் மீன் பாடும் என்று சொல்கிற ஊர். வகுப்பே பாடும் மீனில் விழுந்தது. நானும் விழுந்தேன். ஆனால் என்னுடையதுதான் நீளமான புத்தகம். விரித்தால் மேசை கொள்ளாது. கல்லடிப் பாலத்துக்குக் கீழே நெடில் எழுத்துக்களெல்லாம் அலை அலையாக இழுபட்டுப் போகும், நிலவு வருகிற பக்கத்தில் எழுத்து மெலியும். மிஸ் மேசையைச் சுற்றி நடந்து பார்த்தார். றிஸ்மியாவும் பார்த்தாள்.

"வடிவுதான். ஆனா நீ அத எப்பயாவது கேட்டிரிக்கியா?"

"என்னத்த?"

"மீனத்தான்."

எரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தன் வியாதி மற்றவர்களுக்கும் இருக்கும் என்று நினைப்பது மனுஷ வழக்கம்தானே.

அவள் எடுத்தது பஸ் நிலையத்தை. அங்கே ஒரு நேரப் பலகை தொங்கும். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். எழுத்துச் சரியில்லாதபடியால்தான் பார்க்கவில்லை என்பது றிஸ்மியாவின் கட்சி. அவள் புதிதாக ஒரு பலகை செய்தாள். என்ன சொல்ல, கண்ணை மூடினாலும் தெரிகிற எழுத்து. வடக்கே போகிற பஸ் ஒரு பக்கம், தெற்கே போகிறது மறுபக்கம். ஒரு சனிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கட்டினோம். கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்தது நான்தான்.

கட்டி முடிய ஒரு வயசாளி வந்து பலகைக்கு நேர் கீழே நின்றார்.

"மகள், மாங்கேணிக்கு எப்ப பஸ்?"

றிஸ்மியா பலகையைக் காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஓம் ஓம், நல்ல வடிவா எழுதிரிக்கி. எத்தின மணிக்கு மகள்?"

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இதே கூத்து. பலகையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். பலகையில் குடையைக் கொழுவிவிட்டுக் கேட்டார்கள். றிஸ்மியாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கோ உள்ளுக்குள் ஐஸ் வைத்த மாதிரி. பிழையாய்ப் போனது! இனி என்ன செய்வாள்? 'பாவம்டி நீ' என்று சொல்லி ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிழையாய்ப் போனதையே அனுப்பினாள். பலகையின் படம் முதல் பக்கம். அதற்குப் பிறகு ஆட்கள் கேட்ட கேள்விகள் பக்கம் பக்கமாக. அவசரமாகக் கேட்டது நெருக்கி, சந்தேகத்தோடு கேட்டது சிறிதாக, பேச்சுத் துணைக்குக் கேட்டது ஆறுதலாக இடம்விட்டு. கடைசியில் இரண்டே வரி: 'என் பலகை இங்கே வேலை செய்யவில்லை. இந்த ஊரில் பஸ் நேரத்தை வாசிப்பதில்லை, ஆளிடம் கேட்கிறார்கள்.'

எல்லாருடைய வேலையும் ஒரே பெட்டியில்தான் போனது. மாரி காலம். என் புத்தகத்துக்கு ஈரம் படக்கூடாது என்று இரண்டு சுற்றுப் பொலித்தீன் சுற்றியவளும் அவள்தான். அதுவும் சேர்ந்து எரிந்தது. ஒரு கெட்ட குணமாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

முடிவு வந்தது. மிஸ் வாசித்தார். என்னுடையதற்கு எழுதியிருந்தார்கள்: 'அழகான வேலை. ஆனால் இவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.' ஒரு மீன் பாடாததற்கு நானா பொறுப்பு? அவளுக்கு விசேட சித்தி. தோற்ற பலகைக்கு விசேட சித்தி, தோற்காத எனக்குத் தோல்வி. இது எந்த ஊர் நியாயம் என்று வீடு வருமட்டும் பஸ் ஜன்னலோடு சண்டை பிடித்தேன். மறுநாள் அவள் ஏறாவூரிலிருந்து மஸ்கட் என்கிற இனிப்புக் கொண்டுவந்தாள். வயிறு எரிந்தாலும் மஸ்கட் மஸ்கட்தான். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் திரும்ப அனுப்பினேன். தலைப்பு மாறினாலும் அதே பாடும் மீன்தான், விடுவேனா? கல்லடிப் பாலத்தில் நின்று போகிற வருகிற ஆட்களை மறித்துக் கேட்டேன். மீன் பாடித் தன் காதால் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கேட்ட ஆள் ஒருவரைத் தெரியும். மாமா கேட்டவர், மச்சானின் தகப்பன் கேட்டவர். அந்தப் பதில்களைத்தான் புத்தகமாக்கினேன். சித்தி. வெறும் சித்தி. விசேடம் இல்லை.

இருந்தாலும் காட்ட வேண்டும் அல்லவா? றிஸ்மியா அதற்குள் கலியாணம் முடித்துக் கத்தாருக்குப் போயிருந்தாள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

"மாஷா அல்லாஹ்! வடிவாரிக்கி புள்ள."

பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வரியில் ஓர் 'ஆனா' வரும் என்று. வரவில்லை. வேலையாக இருப்பாள், பிறகு எழுதுவாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இப்போது பெட்டியும் இல்லை, பொலித்தீனும் இல்லை. எல்லாம் இணையத்தில் ஏற்றுவது. அந்த மேல்மாடியில் போன் கடை. நேற்று எனக்கு விசர் பிடித்த மாதிரி ஒரு வேலை செய்தேன். கோயில் திருவிழா பேனர் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே எழுத்துக்களைக் கண்டபடி தள்ளி, ஒரு வரியைச் சரித்து, அவளுக்கு அனுப்பினேன். கண் உள்ள யாருக்கும் கூசும்.

"சூப்பர் புள்ள," என்று வந்தது, இரண்டு இதயத்தோடு.

பொறுக்க முடியாமல் அழைத்தேன்.

"றிஸ்மி, நல்லாப் பாத்தியா? பிழையொண்டும் தெரியல்லையா?"

"என்ன பிழ?" என்றாள். பிறகு சிரித்தாள். "அதெல்லாம் இப்ப கண்ணுல படுறல்ல புள்ள. முந்தி கடப் போர்ட்டப் பாத்தாலும் தலயிடி. இப்ப நிம்மதியா இரிக்கி."

அந்த நிம்மதியிலும் எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கண்! அது எனக்கு வாய்க்கவில்லையே என்று எத்தனை நாள் வெந்திருப்பேன். அதை எங்கேயோ விட்டுவிட்டாள். தேடிக்கூடப் பார்க்கவில்லை.