ராமராஜன் மாமாவின் ஐந்தாம் ஓட்டை

ராமராஜன் மாமா எங்களுக்குப் பக்கத்து வீடு. பிள்ளையார்பாளையத்தில் இருபத்தாறு வருடமாகப் பட்டு நெய்கிறார். தறியில் உட்கார்ந்தால் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது, வாய் மட்டும் சும்மா இருக்கிறதே என்று ஒரு மவுத் ஆர்கன் வாங்கினார். அதைப் பிடிக்கவும் கை வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்ததாம்.

ஊரில் ஊதத் தெரிந்த ஒன்பது பேர் சேர்ந்து ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் முதல் கச்சேரி. புதன்கிழமை ஒத்திகையில், குழுவை நடத்தும் நதியா டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணா, உங்க அஞ்சாவது ஓட்ட சுருதி எறங்கி இருக்குது. ஞாயித்துக்கெழமக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா சும்மா வாயில வெச்சிக்கினு நில்லுங்க, ஊத வேணாம்."

மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் மவுத் ஆர்கனின் மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஒவ்வொன்றும் ஒரு முனையில் தகட்டோடு இறுகியிருக்கும். மறுமுனை காற்றில் ஆடும். வேகமாக ஆடினால் சுருதி ஏறும், மெதுவாக ஆடினால் இறங்கும். எட்டிப் பார்த்த நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"தொளதொளன்னு ஆயிடுச்சி போல மாமா. பாவுக்குப் போடுற மாதிரி கஞ்சி போட்டுப் பாரு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மாமா யோசித்தார். பாவு நூலை அரிசிக் கஞ்சி போட்டுத்தானே விறைப்பாக்குகிறோம்? தீக்குச்சியில் கஞ்சியைத் தொட்டு, ஐந்தாம் நாக்கின் நுனியில் தடவி, வெயிலில் காயவைத்து ஊதினார்.

அவர் மனைவி துளசி அத்தை, போனில் சுருதி காட்டும் ஆப்பைப் பிடித்திருந்தார். "இன்னாயா இது, முள்ளு இன்னும் கீழ பூட்ச்சி! கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குது போல."

நான் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

மாமா அரைமணி நேரம் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "கஞ்சி ஒட்டி நுனி கனமாச்சி. அதான் மெதுவா ஆடுது. அப்போ நுனிய எளைக்க வெச்சா?"

கஞ்சியைக் கழுவினார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டி நாக்குக்கு அடியில் செருகி, பிளேடால் நுனியை லேசாகச் சுரண்டினார். இரண்டு சுரண்டல், ஒரு ஊது. மறுபடி இரண்டு சுரண்டல்.

"ஏறுது, ஏறுது! அடியிலயும் கொஞ்சம் சுரண்டேன்" என்றார் அத்தை.

"ஐய, தகட்டுல இறுகியிருக்கிற அடி வலுவெழந்தா மெதுவா ஆடும், மறுபடியும் எறங்கிடும்மா."

முள் நடுக்கோட்டுக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. மாமா பிளேடை மறுபடி எடுத்தார்.

"போதும்யா. அறுந்தா முடிச்சுப் போட இது இழையா?"

பிளேடு கீழே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் போண்டா தருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதற்காக மட்டும்தான். மூன்றாவது பாட்டில் மாமாவின் ஐந்தாம் ஓட்டை ஏழு முறை வந்தது. நதியா டீச்சர் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் மாமா நேராக என்னிடம் வந்தார். "அனு, உன் கஞ்சி இல்லன்னா எந்தப் பக்கம் சுரண்டறதுன்னே தெரிஞ்சிருக்காதும்மா."

கிண்டலுக்குச் சொன்னேன் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த போண்டாவை முழுசாகப் போட்டு அடைத்துக்கொண்டேன்.