தோட்டத்து வளைவில் ஹார்ன் அடிக்காமல் திரும்பிய கதை

குளிர் எப்படி இருக்கும் என்று ஆறு வயது மகள் யாழினி நச்சரித்ததால், போன பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். மலைப்பாதை என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு உதவட்டுமே என்று வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கிள்ளானில் காலை 5:30க்குப் புறப்பட்டு 8:00 மணிக்கு மலையடிவாரத்துத் தாப்பா. பெட்ரோலை அங்கேயே போட்டுவிடுங்கள்; நான் 50 ரிங்கிட்டுக்குப் போட்டேன். மேலே தானா ராத்தா ஊர் வரை சுமார் 60 கிலோமீட்டரும் வளைவுதான், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போகும் வழியில் நெரிசல், இரண்டு கிலோமீட்டருக்கு 50 நிமிடம்! அலுத்துப்போய் ஒரு தேயிலைத் தோட்டப் பாதைக்குள் திரும்பினேன்.

ஒரு கார் போகும் அகலம்தான். வளைவுக்கு முன் ஹார்ன் அடிக்கச் சொல்லும் பலகை இருந்தது. எங்கள் ஊரில் ஹார்ன் அடித்தால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். பதினைந்து வருடமாக நான் அதைத் தொட்டதில்லை, அதில் பெருமை வேறு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று சும்மா திரும்பினேன்.

ஐயோ! எதிரே தோட்டத்து லாரி. பிரேக்கை மிதித்தேன். ஒரு முழ இடைவெளியில் இரண்டும் நின்றன. இடப்பக்கம் மலையடி வாய்க்கால். யாழினி வீறிட்டு அழுதாள்.

லாரி டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அண்ணே, மெதுவா கோஸ்தான் எடுங்க. பின்னால ஒதுங்குற எடம் இருக்கு."

ரிவர்ஸா, இந்தப் பாதையிலா! பயத்தில் கோபம் வந்துவிட்டது. "நீங்க எடுங்க! என் பொண்ணு இருக்கா உள்ள."

"என்னால அசைய முடியாதுலா. எறங்கி வந்து பாருங்க."

இறங்கிப் பார்த்தேன். லாரியின் இடது முன்சக்கரம் தாரைத் தாண்டிப் புல்லில் நின்றது. அதற்கப்பால் பள்ளம். என்னை இடிக்கக்கூடாதென்று ஓரம் ஒடித்திருக்கிறார். லாரியின் பின்பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர்.

"ஏண்ணே ஹோன் அடிக்கல? அடிச்சிருந்தா மேலயே நின்னுருப்பேன்."

"மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி மாலதி மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றாள். அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். முப்பது அடிக்கு எட்டு நிமிடம். இடம் கிடைத்ததும் லாரி முன்னால் வந்து தாருக்கு ஏறியது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள், கியரைக் குறையுங்கள். பனி மூடினால் விளக்கைப் போடுங்கள். சனிக்கிழமை கியா பார்ம் பக்கமே வேண்டாம். தோட்டப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து, பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள். நான் அடித்திருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தி லாரியில் மறுபடி ஏறும்போது மாலதியிடம், "எனக்கும் வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்று சொல்ல வேண்டி வந்திருக்காது.