முன்னால் உட்காரும் வேலை

அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர், மேசைக்குப் பின்னால். என்ன சாப்பிடலாம் என்று எழுதித் தரும் அம்மா, அவருக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. என் மகள், போனும் கையுமாக. என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, கதவுக்கிட்டே. அப்புறம் நான். நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே இருந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் கை வைத்திருந்தது.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி அது. மகளுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா அம்மாவும் சேர்த்தி. அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

எடை மெஷின் நூற்று நாற்பத்தொன்று காட்டியது. சர்க்கரை இருந்தது. முட்டி இரண்டும் போயிருந்தன. தூக்கத்தில் எனக்கு மூச்சு நிற்கிறது என்று வீட்டுக்காரி சொன்னாள்.

"இவருக்கு நின்னா நான் முழிச்சிக்குவேன் டாக்டர். திரும்ப வந்துச்சுன்னா தூங்கிடுவேன்."

அவள் அப்படித்தான் தூங்குகிறாள் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்தார். குறுக்கே கோடு போட்டார். "இதுல முக்கால் பங்கை எடுத்துடுவோம். மீதி ஒரு வாழைக்காய் அளவுக்கு இருக்கும். கொஞ்சம்தான் சாப்பிட முடியும். இப்படியே விட்டா இன்னும் எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது."

மச்சான் தொண்டையைச் செருமினான்.

"எவ்ளோ கொறையும் டாக்டர்?"

"ஒழுங்கா இருந்தா ஒரு வருஷத்துல அம்பது கிலோ வரைக்கும் குறையலாம்."

"அவ்ளோ வோணாம் டாக்டர். ஒரு இருவதோட நிறுத்திக்கலாமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"போட்டு மூஞ்சி தூக்கும்."

சாப்பாடு எழுதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மகள் சொன்னாள், "மாமா, நீ வெளிய போ."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களுடையது ஃபைபர் போட். திருவிடந்தைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் வழியில் எங்கள் குப்பம். போட் மச்சானுடையது. நாலு பேர் போவோம். மச்சான், என்ஜின் பிடிப்பவன், வலை போடும் அண்ணன், நான். என்ஜின் பின்னால் இருக்கும். வலையும் பின்பக்கம்தான் கிடக்கும். கரையை விட்டதும் அலை உடைகிற இடம் ஒன்று உண்டு. அங்கே முன்பக்கம் கனமாக இல்லாவிட்டால் அலை அதைத் தூக்கிவிடும். ரொம்பத் தூக்கினால் கவிழ்ந்துவிடும். அதனால் முன்னால் ஒரு கனமான ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான். பதினேழு வருஷம். வேறு போட்காரர்கள் என்னைக் கடன் கேட்டிருக்கிறார்கள். மச்சான் கொடுத்ததில்லை.

அலை தாண்டியதும் மற்றவர்களோடு நானும் வலை இழுக்க வேண்டும். முன்பு இழுத்தேன். பிறகு மூச்சு வாங்கியது. பிறகு குனிய முடியவில்லை. வலை இழுப்பதை எப்போது விட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முன்னால் உட்காருவேன். அலை தாண்டுவேன். திரும்பி வருவேன். அதற்கு ஒரு ஆள் கூலி.

பஸ்ஸில் எனக்கு இரண்டு பேர் சீட். மச்சான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சொன்னான்.

"நல்லா யோசிச்சிக்க மாமா. எளச்சி வந்தா உனக்கு போட்ல இன்னா வேல?"

கிண்டலாகத்தான் சொன்னான். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை எனக்கு அதே கேள்விதான். நான் வேறு வேலை எதுவும் செய்ததில்லை.

வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூச்சு வுட்டுக்கினு இரு. அதான் வேல."

மாசி மாதம் ஆபரேஷன். வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. எழுந்ததும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். தண்ணீர் கேட்டேன். இருமல் மருந்து பாட்டில் மூடி அளவுக்கு ஒரு குப்பியில் கொடுத்தார்கள். அதையும் கால் மணி நேரம் வைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

வீட்டிலும் அந்தக் குப்பிதான். பருப்புத் தண்ணீர், மோர், மாவு கரைத்த பால். வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். மகள் போனில் மணி அடிக்க வைத்திருந்தாள். மணி அடித்தால் ஒரு வாய். பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது.

பசி இல்லை. பசி இல்லாததுதான் பேஜாராக இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தால் கை சும்மா கிடந்தது. ஒருநாள் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போனாள். அடுப்பில் இறால் தொக்கு இருந்தது. ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது வாய். மூன்றாவது வாய் வைத்ததும் மூன்றும் திரும்பி வந்தன. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இறாலு எப்பிடி கீது?"

"உப்பு கம்மி."

அன்றிலிருந்து சட்டிக்கு மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் போவாள். அதைத் தூக்க எனக்கு அனுமதி இல்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாரத்துக்கு ஒருமுறை மச்சான் வருவான். உடம்பு எப்படி என்று கேட்க மாட்டான். பின்பக்கமாக வந்து என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுத் தூக்கிப் பார்ப்பான். முதல் மாதம் முடியவில்லை. இரண்டாம் மாதம் குதிகால் மட்டும் எழும்பியது. நாலாம் மாதம் ஒருநாள் இரண்டு காலும் தரையை விட்டன. இறக்கி வைத்துவிட்டுத் திணறி மூச்சு வாங்கினான்.

"அக்கா, உன் வூட்டுக்காரு கைக்கு அடக்கமா ஆயிட்டாரு."

"கீழ போட்டுட போற. தையல் போட்டு கீது."

"நஷ்டம் எனக்குதான்கா."

நஷ்டத்தை அவன் ஈடுகட்டியிருந்தான். கரையில் ஏலம் நடக்கிற இடத்தில் மீன் எடை போடும் மெஷின் உண்டு. அதில் கடல் மணலை நிறுத்து மூன்று சாக்கில் கட்டியிருந்தான். மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் பார்த்த கணக்கு, ஒரு கிலோ பிசகவில்லை. அதைப் போட்டின் முன்பக்கம் அடுக்கியிருந்தார்கள். பெரிய மாமா, நடு மாமா, சின்ன மாமா என்று பேர்.

நான் கரையோரம் நடக்கப் போவேன். காலையும் மாலையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். என்ஜின் பிடிப்பவன் தூரத்தில் கத்துவான்.

"பெரிய மாமா நனஞ்சிட்டாரு, வெயில்ல போடு!"

நான் திரும்பிப் பார்ப்பேன். ஏலக்கரையில் கூடை வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஒருத்தி கேட்டாள், "இன்னா அண்ணாத்த, மூட்டை டீ கேக்குதா?" கேட்கவில்லை. மூட்டை டீ கேட்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை, போட்டில் ஏற்ற இரண்டு பேர் இடுப்பு பிடிக்க வேண்டியதில்லை. அதை நான் யோசிக்காமல் இல்லை.

முடி கொட்டியது. கைச் சதை துணி மாதிரி தொங்கியது. லுங்கி நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சிப் புது ஓட்டை போட்டேன். அப்புறம் இன்னொன்று. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். வீட்டுக்காரி விடிய விடியத் தூங்கினாள். எழுப்பினால் திட்டினாள்.

ஆறாம் மாதம் தொண்ணூற்றாறு. கடலுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். போகலாம் என்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கரைக்குப் போனேன். மூன்று பேரும் போட்டைத் தள்ளத் தயாராக நின்றார்கள். மூட்டைகள் முன்னால் இருந்தன.

மச்சான் என்னைப் பார்த்தான். "எங்க மாமா?"

"கடலுக்கு."

"எங்க குந்துவ? உன் எடத்துலதான் நீயே குந்திக்கினு கீறியே."

என்ஜின் பிடிப்பவன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். வலை அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அறுபதுக்கு மேல். அவர் பீடியை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மச்சான் கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான். "சரி, பெரிய மாமாவையும் நடு மாமாவையும் எறக்கு. தொண்ணூத்தாறு கிலோ ரெண்டு மூட்ட கணக்கு. சின்ன மாமாவோட இவரும் முன்னால வரட்டும்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கு இடம் கொடுத்தான். தலையாட்டினால் போதும், பழையபடி உட்காரலாம். தொண்ணூற்றாறு கிலோ மணல் செய்யும் வேலையை நான் செய்யலாம்.

"மூணும் இருக்கட்டும்" என்றேன். "நான் வலைக்கு வரேன்."

மச்சான் வலை அண்ணனைப் பார்த்தான். அண்ணன் போட்டின் விளிம்பைப் பிடித்தார். "தள்ளுங்கடா" என்றார்.

தள்ளினோம். நானும் தள்ளினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கையை ஊன்றி ஏறினேன். ஒரே எம்பில் ஏறிவிட்டேன். முன்பெல்லாம் இரண்டு பேர் லுங்கியைப் பிடித்து இழுப்பார்கள். ஒருமுறை லுங்கி மட்டும் ஏறியது.

"அடப்பாவி" என்றான் என்ஜின் பிடிப்பவன்.

அலை தாண்டும்போது கண் தானாக முன்பக்கம் போனது. மூட்டைகள் அசையவில்லை. போட் மூஞ்சி தூக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

வலை முந்தின நாளே போட்டது. கயிற்றைக் கையில் எடுத்தேன்.

"வோணாம் மாமா. தையல் பிரிஞ்சா அக்கா என்னையத்தான் கிழிக்கும்."

இழுத்தேன். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தை ஒரு பாகம் என்போம். பத்துப் பாகம் வந்ததும் உள்ளங்கை எரிந்தது. இருபதில் தோல் உரிந்தது. நிறுத்தினேன். பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தேன்.

"கோழி தண்ணி குடிக்கிறத பாரு" என்றான் என்ஜின் பிடிப்பவன்.

மறுபடி இழுத்தேன். முப்பதுக்கு ஒருமுறை நின்றேன். நின்றபோதெல்லாம் அண்ணன் தனியாக இழுத்தார். அவர் நிற்கவில்லை. பாதி வலை வந்ததும் நாஸ்தா. அவர்கள் ஆளுக்கு ஒரு டப்பா காலி செய்தார்கள். நான் அரை முட்டை சாப்பிட்டேன். மீதி அரை முட்டையை மச்சான் எடுத்துக்கொண்டான். இந்த ஆபரேஷனில் அவனுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான் என்றான்.

மீதி வலையை நிற்காமல் இழுத்தேன். கடைசிப் பாகம் உள்ளே விழுந்ததும் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தேன். அண்ணன் மீனைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏழு வருசம் ஆச்சிடா நீ இந்தக் கயித்தத் தொட்டு."

நான் எட்டு என்று நினைத்திருந்தேன்.

கரைக்கு வந்ததும் மீன் ஏலத்துக்குப் போனது. வீட்டுக் குழம்புக்கு என்று கொஞ்சம் எடுத்து வைப்போம். அதை மணலில் கூறு போடுவது எங்கள் போட்டில் மூத்தவர் வேலை. வேலை செய்தவனுக்கு முழுக் கூறு. சும்மா கூட வந்தவனுக்குப் பாதி. பாதிக் கூறு வாங்கியவன் அடுத்த நாள் தானாக வர மாட்டான். கூப்பிடவும் மாட்டார்கள். முன்னால் உட்கார்ந்த வருஷங்களில் எனக்கு முழுக் கூறுதான் போட்டார்கள். அது கனத்துக்கு. இன்றைக்குக் கனம் மூட்டையுடையது.

நான் தள்ளி நின்று கயிற்றைச் சுற்றினேன்.

"அண்ணே" என்றான் மச்சான், "மாமாவுக்கு ரெண்டு காரப்பொடி மீனு வெச்சா போதும். வவுறு வாழக்கா சைசுதான் கீது."

"அப்பிடின்னா மூட்டைங்களுக்கு மூணு கூறு போடு" என்றான் என்ஜின் பிடிப்பவன். "அதுங்கதான் முன்னால குந்திக்கினு வந்துச்சுங்க."

"மூட்டைக்கு பொண்டாட்டி கீதா, கொழம்பு வெக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டேன். அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

அண்ணன் குனிந்து கானாங்கெளுத்தியை ஒவ்வொன்றாக வைத்தார். மச்சான் கூறு ஒன்பது. என்ஜின் பிடிப்பவன் கூறு ஒன்பது. தன் கூறு ஒன்பது. கூடையில் எவ்வளவு மிச்சம் என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

நாலாவது கூறைத் தொடங்கினார். நாலு மீன் வைத்தார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அண்ணன் மறுபடி குனிந்தார்.

ஒன்பது.