நாற்று வீசும் கையும் ஒரு கிலோ வட்டும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு விஞ்ஞானம் பற்றி எழுத எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை; படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்தது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி உடற்கல்வி ஆசிரியர் படிப்பு படித்தாள். கடைசி செய்முறைத் தேர்வுக்கு, விளையாட்டே தெரியாத ஒருவருக்கு வட்டெறிதலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் முதல் நாள் எறிந்த தூரத்தைவிடக் கூடுதலாகத் தேர்வாளர் முன்னால் எறிய வேண்டும். எறியாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். நடவின்போது நான் முடி வீசுகிறவன். பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டைத்தான் முடி என்போம். வரப்பில் நின்றுகொண்டு, வயலில் குனிந்து நடுகிற பெண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒவ்வொன்றாக வீசிப் போடுவேன்.

"அந்தக் கைதாம்ப்பா எனக்கு வேணும்," என்றாள்.

விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்ததும் நெல் அடிக்கும் களத்தில் பயிற்சி தொடங்கியது. ஒரு கிலோ ரப்பர் வட்டு. பம்புசெட் கொட்டகைச் சுவரைப் பார்த்து எறியச் சொன்னாள். முதல் எறியிலேயே பாதிக் களத்தைத் தாண்டியது. தூரத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு அவள் குதித்தாள். பிறகுதான் பாடம் நடத்த ஆரம்பித்தாள். எனக்குக் குழப்பமும் ஆரம்பித்தது.

"நீ சுத்துறது சுழல் இயக்கம். கைய விட்டதும் வட்டு நேர்கோட்டுல போவும். சுழல நேராக்கணும், அவ்வளவுதான்."

"சுத்துற பொருள் சுத்திக்கிட்டே தானே போவணும்?"

பக்கத்து வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. இரும்புச் சக்கரத்தைக் காட்டினாள். "அதுலேர்ந்து சேறு எப்படித் தெறிக்கிது பாரு. சக்கரத்த விட்டதும் நேரா கெளம்புது." பார்த்தேன். எத்தனையோ வருடமாக அந்தச் சேறு என் சட்டையில் விழுந்திருக்கிறது. நேராக வந்ததா, வளைந்து வந்ததா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தும் எனக்கு இரண்டுமாகத்தான் தெரிந்தது.

கையை நன்றாக நீட்டினால் விரல் நுனிக்கு வேகம் கூடும் என்றாள். தோளும் விரலும் ஒன்றாகத்தானே ஒரு சுற்றை முடிக்கின்றன, அப்புறம் ஒன்றுக்கு மட்டும் எப்படி வேகம் என்று கேட்டேன். "விரல் சுத்துற வட்டம் பெருசுப்பா," என்றாள். தலையாட்டினேன். புரிந்து ஆட்டவில்லை.

நடவுக்குப் போகும் பெண்கள் களத்தோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன மாமா, சோத்துத் தட்டத் தூக்கி எறியிறீங்க? அத்த வெறும் ரசம் வச்சிடுச்சா?" என்றாள் ஒருத்தி. அன்று முழுவதும் தலை நிமிராமல் எறிந்தேன்.

தேர்வன்று கல்லூரி மைதானத்தில் வலைக்கூண்டுக்குள் நிறுத்தினார்கள். எதிரே புல்வெளியில், வட்டு விழும் இடத்தைக் குறிக்க இரண்டு பக்கமும் மாணவிகள் நின்றார்கள். ஒருத்தி குனிந்து டேப்பை விரித்துக்கொண்டிருந்தாள். மூன்று எறி உண்டு. மகள் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி கால், இடுப்பு, தோள், கை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுழன்றேன். வட்டு கிட்டத்திலேயே விழுந்தது. இரண்டாவதும் அதே இடத்தில், ஒரு சாண்கூடத் தள்ளாமல் விழுந்தது.

மகள் கூண்டுக்கு வெளியே ஓடிவந்தாள். "ஏம்ப்பா கைய இழுத்துப் புடிக்கிற?"

"ஆளு நிக்கிறாங்கல்ல பாப்பா."

"அவங்க ஓரமாத்தான நிக்கிறாங்க!"

ஓரமாகத்தான் நின்றார்கள். எனக்கும் தெரிந்தது. என் கைக்குத் தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பொறுமையான மனிதர். "எல்லாரும் வெளிய வாங்கம்மா," என்று மைதானத்தையே காலி செய்தார். "ஐயா, இப்ப பயப்படாம எறிங்க."

பச்சையாக, வெறுமையாகக் கிடந்தது மைதானம். பெண்களும் இல்லை, கொட்டகைச் சுவரும் இல்லை. எங்கே போடுவது என்று தெரியவில்லை. எனக்கு ஓர் இடத்தில் போடத்தான் தெரியும். சும்மா எறிந்ததே இல்லை. சுழன்றேன். எந்த நொடியில் விடுவது என்று யோசிப்பதற்குள் அந்த நொடி போய்விட்டது. வட்டு வலையில் அடித்துக் காலடியில் விழுந்தது.

தேர்வாளர் பேனாவை மூடினார். "மொத நாள விடக் குறைஞ்சிருக்கேம்மா. இத எப்படி எழுதுறது?" மகள் வட்டை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். வேற யாரையாவது கூட்டிட்டு வா. காலையில ஒருதரம் எறியட்டும், சொல்லிக்குடு, மறுபடி எறியட்டும்," என்றார்.

பேருந்து நிலையம் வரை அவளும் வந்தாள். "சாப்பிட்டுட்டுப் போப்பா," என்றாள். மன்னார்குடி தாண்டி ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது என் உடம்பு மட்டும் நேராகப் போகப் பார்த்து, பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் சாய்ந்தது. இதுதானா அது? கேட்கலாம் என்றால் மகள் ஹாஸ்டலில் இருந்தாள். போன் செய்து கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் அவள் கல்லூரி கேன்டீனில் வேலை செய்யும் அக்காவை அழைத்துப் போனாள். அந்த அக்கா இரண்டாம் தடவை கூடுதலாக எறிந்தார். மகள் பாஸ். அந்த நேரத்தில் நான் ஆற்றோர வயலில் முடி வீசிக்கொண்டிருந்தேன்.