செவலை கொடுத்த ரத்தம்

போன வருடம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை நேரம். திண்டுக்கல் வெயிலில் காலை ஒன்பது மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் ரோஸியும்தான். ரோஸி எங்கள் லேப்ரடார் நாய், இரண்டரை வயது. மகள் படிக்க வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்ததால் குட்டியாக வாங்கி வந்தோம்.

அவள் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு என்ன சாப்பாடு போடுவது என்கிற கிறுக்கு. கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தை எல்லாம் படிப்பேன். புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கோழியா, மீனா, அரிசி கலந்ததா, கலக்காததா? கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுவார். நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் இருந்தேன். யாராவது நாய்க்கு முடி கொட்டுகிறது என்று சொன்னால் போதும், எந்தத் தீனிக்கு மாற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டு அனுப்புவேன். குழுவில் எனக்கு நல்ல மரியாதை. அது எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மே மாதம் ரோஸி சாப்பாட்டைக் குறைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் வந்து மோந்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வாள். எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். இந்தத் தீனி அவளுக்கு அலுத்துவிட்டது. கோழியிலிருந்து மீனுக்கு மாற்றினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு மீனிலிருந்து ஆட்டுக்கறிக்கு. அப்புறம் தயிர் கலந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஈரல் வாங்கி வந்து வேகவைத்துக் கொடுத்தார். அதில் இரண்டு துண்டு தின்றாள். அன்று சாயங்காலம் குழுவில், 'பிரச்சினை தீர்ந்தது, ஈரல்தான் மருந்து' என்று எழுதினேன். சிரிப்பு வருகிறதா? எனக்கு இப்போது வருவதில்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏய், இங்க வந்து பாரு. இது மூக்குல ரத்தம் வருது."

ரோஸி படியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து சிமெண்டில் காய்ந்திருந்தது. எழுந்திரு என்றால் எழவில்லை. வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டினாள். இரண்டு பேரும் ஒரு போர்வையில் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, வழக்கமாகத் தடுப்பூசி போடும் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

அவர் ரோஸியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பிறகு காது மடலை உள்பக்கம் திருப்பினார். கால் விரல்களைப் பிரித்துக் காட்டினார். ஆமணக்கு விதை மாதிரி ரத்தம் குடித்து ஊதிப்போய், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உண்ணிகள்.

"உண்ணிக் காய்ச்சல். எத்தனை நாளா சாப்பிடல?"

"ஒரு வாரமா… நான் ஃபுட் பிடிக்கலன்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்தேன், டாக்டர்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னார். மருந்து இருக்கிறது, கேட்கவும் செய்யும். ஆனால் அது வேலை செய்ய மூன்று நான்கு நாளாவது ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இவள் உடம்பில் ரத்தம் இல்லை. இன்றைக்கே இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றினால் பிழைக்கலாம்.

நாய்க்கு நாய் ரத்தம் கொடுக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உலகத்தில் உள்ள அத்தனை தீனியின் பெயரும் தெரியும், இது தெரியாது.

நல்ல உடல்கட்டுள்ள நாயாக இருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். குழுவில் கெஞ்சி எழுதினேன். கும்பிடும் கை படங்கள் நிறைய வந்தன. ஒருவர் தன் நாய் சின்னது என்றார். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் பயமாக இருக்கிறது டீச்சர் என்று உள்ளதைச் சொன்னார். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இதே மாதிரி கேட்டிருந்தால் நான் ரோஸியை அனுப்பியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் நன்றாக இல்லை.

டாக்டரும் யார் யாருக்கோ போன் பண்ணிப் பார்த்தார். கடைசியாக ஒரு நம்பரைத் தேடி எடுத்தார். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணாம். ஆட்டுக்குக் காவலாக அவர் வைத்திருக்கும் நாய்க்கு இவர்தான் தடுப்பூசி போடுகிறாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "அம்புட்டு ரத்தம் எடுத்தா இதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல, டாக்டரம்மா?"

"ரெண்டு நாள் அசந்து கிடக்கும். ரெண்டு மூணு வாரத்துல திரும்ப ஊறிடும். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

"ரெண்டு நாளைக்கு ஆட்டப் பட்டிலயே அடச்சுப் போடுறேன். வாரோம்."

அவ்வளவுதான். யாருடைய நாய், என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் ரோஸியின் விலாவில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தேன். வாய் தானாக 'அருள்நிறை மரியே' செபத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தது. பாதியில் மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தபடி இருந்தார்.

உச்சி வெயிலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்தப் பெண்ணின் தம்பி. பின்னால் நனைந்த சாக்கு விரித்து, அதன்மேல் நாய். பக்கத்தில் அந்தப் பெண், தன் முந்தானையை நாயின் தலைக்கு மேல் பிடித்து நிழல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க அப்படியே வந்திருக்கிறார். அவர் முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. என் வயதுதான் இருக்கும்.

நாயின் பெயர் செவலை. பெயருக்கேற்ற செம்மண் நிறம். உயரமான, நெஞ்சு அகன்ற நாட்டு நாய். ஒரு காதின் நுனி எப்போதோ கிழிந்து ஆறியிருந்தது. கிளினிக்கின் மருந்து வாசனை பட்டதும் வாசலிலேயே நின்று உறுமியது. டாக்டர், "இது ஒத்துக்கலைன்னா நான் வற்புறுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "வா அப்பு" என்று செல்லமாகக் கூப்பிட்டார். செவலை ரோஸி படுத்திருந்த மேசையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, மோந்தது. பிறகு வந்து அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

டாக்டர் முதலில் ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதித்தார். இரண்டு நாய்களின் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் கலந்து, திரிகிறதா என்று பார்த்தார். திரியவில்லை. செவலையின் ரத்தம் அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். என் குணம் அந்த நேரத்திலும் போகவில்லை. "இதுக்கு என்ன சாப்பாடு போடுவீங்க?"

டாக்டர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டிருந்த அந்தப் பெண், என்னை விநோதமாகப் பார்த்தார். "நாங்க திங்கிறதுதான் டீச்சர். கம்மங்கூழு, சோறு, என்னைக்காச்சும் முட்டை. ஆடு அறுத்தா அதுல இதுக்கும் ஒரு பங்கு." பிறகு செவலையின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுக் கோதிக்கொண்டே சொன்னார். "பொழுது சாய பட்டிக்குள்ள வந்ததும் ஆட்டயெல்லாம் தடவிப் பாப்பேன். இதையும் அப்படியே தடவிப் பாத்துருவேன். உண்ணி இருந்தா கையில தட்டுப்படும்ல."

அவர் எனக்கு உறைக்கட்டும் என்று சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னார். அதனால்தான் அது அப்படி உறைத்தது. ரோஸியை நான் கொஞ்சாத நாள் கிடையாது. தலையைத் தடவுவேன், படம் எடுப்பேன். ஒரு தடவைகூட அந்தக் காது மடலைத் திருப்பிப் பார்த்ததில்லை.

டாக்டர் செவலையின் கழுத்தில் ஓர் இடத்தில் முடியை மழித்தார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. "அசையாம இருக்கணும், பத்து நிமிஷம்" என்றார். அந்தப் பெண் செவலையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தன் முகத்தை அதன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊசி இறங்கியது. செவலையின் உடம்பு ஒரு தடவை விறைத்தது.

"செத்த நேரந்தேன் அப்பு. அங்கிட்டுப் பாக்காத, என்னையப் பாரு. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

செவலை அவரைப் பார்த்தது. அந்தப் பத்து நிமிஷமும் கண்ணை எடுக்கவில்லை. கயிறு இல்லை, வாய்க்கூடு இல்லை. அந்தப் பலத்துக்கு ஒரு உதறு உதறினால் எங்கள் நான்கு பேரையும் தள்ளிவிட்டு ஓடியிருக்கும். ஓடவில்லை. கீழே பையில் ரத்தம் மெதுவாக நிறைந்துகொண்டே வந்தது. டாக்டர் அதைக் குழந்தைத் தொட்டில் மாதிரி அசைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ திருப்பலிகளில் முழங்காலில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் இருந்த மாதிரி ஒரு மௌனத்தை எங்கேயும் கேட்டதில்லை.

பை நிறைந்ததும் டாக்டர் அதைச் சற்று நேரம் என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. ஓர் உயிரின் சூடு அப்படியே கையில்.

ரோஸிக்கு முதலில் மிக மெதுவாக ஏற்றினார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுக்கம் வரும், வாந்தி வரும் என்று டாக்டர் பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் வரவில்லை. செவலை இதற்குள் எழுந்து ஒரு சட்டித் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவித்த முட்டை வாங்கி வந்தார். நான் மாற்றி மாற்றி வாங்கியதில் பிரிக்காமல் இருந்த தீனிப் பாக்கெட் ஒன்றையும் வீட்டிலிருந்து எடுத்து வந்தார். அந்தப் பெண் அதைப் பிரித்து மோந்து பார்த்து, "இதென்ன டீச்சர், மாட்டுத் தீவனமாட்டம் இருக்கு" என்றார். செவலைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. மொறுமொறுவென்று அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம்.

"எந்தச் சாப்பாடா இருந்தாலும் சரிதான் போல" என்றேன் டாக்டரிடம். அவர் உடனே மறுத்தார். வெறும் சோறு மட்டும் போட்டால் அதிலும் குறை உண்டு, பாக்கெட்டில் நல்லதும் உண்டு என்றார். ஆனால் நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் தட்டைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள் என்றார்.

அந்தப் பெண் உடனே கிளம்பவில்லை. தம்பி இரண்டு தடவை ஹாரன் அடித்தார். "செத்த இருப்பா. அது வாயப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். பை முக்கால்வாசி இறங்கியிருந்தபோது டாக்டர் ரோஸியின் உதட்டை மறுபடி தூக்கினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம்.

வெளுத்துக் கிடந்த ஈறில் ரோஜா நிறம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் எங்கள் கண் முன்னாலேயே ஏறியிருந்தது. விடிகிற நேரத்தில் வானம் நிறம் மாறுவதை நின்று பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. ரோஸி கண்ணைத் திறந்து, தலையை ஓர் அங்குலம் தூக்கினாள். நான் வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண் என் தோளில் கை வைத்து, "பொழச்சுக்கிருச்சு டீச்சர்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியாமல், எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று உளறினேன். "ஒரு வாயில்லாச் சீவன் கெடக்குன்னு டாக்டரம்மா சொல்றாக. வராம இருப்பாகளா?" என்றார். எல்லோரும் வருவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்புவதாகத் தெரிந்தது.

ரோஸி நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். செவலை மூன்றாம் நாளே ஆடுகளோடு கிளம்பிவிட்டதாக அந்தப் பெண் போனில் சொன்னார். ரோஸியின் பெயரையும் ரத்தம் கொடுக்கும் நாய்களின் பட்டியலில் எழுதிக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். அவர் முடியாது என்றார். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய், ரத்தம் ஏற்றிக்கொண்ட நாய், கொடுக்கக் கூடாதாம். அப்போது எனக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. ஏற்றிய ரத்தம் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் உடம்பு தன் சொந்த ரத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும்.

அப்படியானால் இன்று ரோஸியின் உடம்பில் செவலையின் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கவும் எங்களுக்கு வழி இல்லை. ஆனாலும் தினமும் காலையில் அவள் மூச்சிரைக்க என்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடும்போது, கேட்டவுடன் 'வாரோம்' என்று சொல்லக்கூடிய மனிதர்கள் எனக்குத் தெரியாத ஊர்களில் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.