நனையாமல் சேர முடியாது

"மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் குழாயக்கா இரண்டு கைகளையும் படகின் விளிம்பில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். படகு கவிழ்ந்தது. பேருந்து ஓட்டுநர், அவருடைய மகள், மடியில் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம், எல்லாம் ஏரிக்குள். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் ஓட்டுநர் போட்ட கூச்சலில் அக்கரை வாத்துகள் அலறிப் பறந்தன.

பாய்மரப் படகு ஓட்ட அக்காவிடம் பிள்ளையைச் சேர்க்கிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பெற்றவரையும் பிள்ளையையும் சேர்த்தே முக்கிவிடுவார். "பயத்தை முதல் நாளே கழுவி விட்டுடணும். அப்புறம் கவுந்தா சிரிப்புதான் வரும்." ஒரு மருத்துவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார். அக்கா கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மருத்துவரை மட்டும் கவிழ்த்தார்.

தொழில் குழாய் வேலை. வாரம் முழுக்க ஊரார் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கரைத் தகரக் கொட்டகைக்கு மகாராணி. பாய்மரம் என்று நிற்பதெல்லாம் வேலையில் மிஞ்சிய அலுமினியக் குழாய். பாய் என்று விரிவதெல்லாம் கிழித்துப் போட்ட விளம்பரப் பேனர். ஒரு படகில் பற்பசைக்காரி கீழ்வாயால் மட்டும் சிரிக்கிறாள், இன்னொன்றில் 'தள்ளுபடி' தலைகீழாகத் தொங்குகிறது. கட்டணம் கிடையாது. தையல் தெரிந்த அப்பா பாய் தைக்க வேண்டும், ஒன்றும் தெரியாதவர் படகிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டும். சிறிதாகிப்போன ஜாக்கெட் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும்.

வில்லங்கம் பக்கத்தில் இருந்தது. படகை இறக்கத் தோதான சரிவு ஒன்றே ஒன்று, அதுவும் படகுக் கழகத்தின் சொத்து. இத்தனை நாள் போனால் போகிறது என்று விட்டிருந்தார்கள். இப்போது உறுப்பினர் ஒருவருக்குப் பற்பசைக்காரியின் வாய் கண்ணை உறுத்திவிட்டது. கழகச் செயலாளர் இந்த ஞாயிறு நேரில் வந்து பார்ப்பாராம். அவர் தலையை ஆட்டினால் சரிவு கிடைக்கும். இல்லையென்றால் மிச்சமெல்லாம் முள்ளும் சேறும்தான், கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

அக்கா ஒரு வாரமாகக் கொட்டகையைக் கழுவோ கழுவென்று கழுவினார். 'சார்' என்ற சொல்லைக் குழாய்களிடமே சொல்லிப் பழகினார். இன்று கவிழ்ந்து எழுந்த ஓட்டுநர் மகள் தலையைப் பிழிந்துகொண்டே, செயலாளரையும் கவிழ்ப்பீர்களா என்று கேட்டதற்கு, வாயை மூடிக்கொண்டு தண்ணீரை இறைக்கச் சொன்னார்.

அவள் தலை காய்வதற்குள் செயலாளர் வந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, மணிக்கட்டில் கடிகாரம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர்தான். பிள்ளைகள் பாய் கட்டுவதைப் பார்த்தார், பற்பசைக்காரியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் நடத்துறீங்க. நானே ஒரு சுத்து போயிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சப்பாத்து நனையாமல் சரிவிலிருந்தே படகில் ஏறி உட்கார்ந்து, சுக்கானையும் பிடித்துவிட்டார். அக்கா படகை இடுப்பளவுத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போய் நின்றார். கரையில் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே ஓட்டுநரும் மகளும், இன்னும் சொட்டச் சொட்ட. அக்கா ஒருமுறை சரிவைப் பார்த்தார், ஒருமுறை வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். கடைசியில் ஓட்டுநர் மகளைப் பார்த்தார்.

"சார், அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் படகின் விளிம்பில் வைத்தார்.