சாம்பிராணி போட்ட கூண்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மாடிப்படியிலேயே சாம்பிராணி மணந்தது. ஓடிப்போய் ஆய்வகக் கதவைத் திறந்தேன். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு, ஃபிரிட்ஜுக்கு மாலை. கொசுக் கூண்டுகளைச் சுற்றிப் புகை மண்டியிருந்தது. கொசுக்கள் அத்தனையும் கூண்டின் அடியில் விழுந்து கிடந்தன.

மலேரியா ஏற்றிய எலிக்குப் புது மருந்தைச் செலுத்தி, அதைக் கொசுக்கள் கடிக்க விட்டிருந்தோம். மருந்து வேலை செய்தால் கொசுவின் குடலில் கிருமிக் கட்டிகள் வளரக் கூடாது. கட்டி இல்லையென்றால் அந்தக் கொசு நோயைப் பரப்பாது. மருந்து பெறாத எலியைக் கடித்த கொசுக்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் கூண்டில் இருந்தன. இருந்த மருந்து அந்த ஒரு சோதனைக்கே சரியாகப் போய்விட்டது. கொசுக்களைக் கீறிப் பார்க்க இன்னும் இரண்டு நாள் பாக்கி.

"உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கப் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா, தூபக்காலைப் பிடித்தபடி திரும்பினார். "தெனமும் என்ற கையக் கடிச்சுத்தானுங்க இந்தக் கொசுவெல்லாம் வளந்துச்சு. மிசினுக்கெல்லாம் காட்டிப்போட்டு, இதுகள மட்டும் உட்டுப்போட மனசு வரலீங்க அம்மணி."

அது உண்மைதான். நோய் ஏற்றுவதற்கு முன், கொசுக்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூண்டுக்குள் கை நீட்டுபவர் அவர்தான். நான் ஒருநாளும் நீட்டியதில்லை.

கொசு காய்ந்துவிட்டால் குடலை எடுக்க முடியாது. நான் கீற உட்கார்ந்தேன். அக்கா ஒவ்வொன்றாகத் தூரிகையில் எடுத்து, ஈரத்தாளில் வைத்துத் தந்தார்.

முதலில் மருந்து படாத கூண்டு. கட்டிகள் சிறியவைதான், ஆனாலும் எண்ண முடிந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அடுத்து மருந்துக் கூண்டு. முதல் கொசுவில் கட்டிகள். இரண்டாவதிலும். இருபதாவது வரை பார்த்தேன். இரண்டு கூண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

சாயங்காலம் பேராசிரியர் வந்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "என்னம்மா, புகைல எல்லாம் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் ஒரு வருட உழைப்பு தோற்றதாகாது. பழி அக்காவோடு போய்விடும். அவர் மூலையில் தலைகுனிந்து, கடிபட்டுத் தடித்த கையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க சார்," என்றேன். "மருந்து கேக்கலைங்க."

சொல்வதற்கு முன் நான் தயங்கியதை அக்காவும் பார்த்தார்.